தோட்டா சுவரைக் கடப்பதும் காற்றில் விலகுவதும்

வணக்கம் நண்பரே. முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே நடப்பதாக நீங்கள் யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் செய்யும் துப்பாக்கிச் சுடும் விளையாட்டில், தோட்டா மெல்லிய சுவர்களை மோதாமலே கடந்துவிடுகிறது என்றும், காற்றின் வேகத்தைத் தோட்டாவின் வேகத்தோடு கூட்டியதும் அது இலக்கைவிட்டு அளவுக்கு மீறி விலகுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். நம் மாவட்டத்தையே களமாக எடுத்துக்கொண்டது மகிழ்ச்சி தருகிறது.

முதல் சிக்கல் எளியது. யூனிட்டியின் இயற்பியல் கணக்கு இயல்பாக 0.02 நொடிக்கு ஒருமுறை நடப்பதால், நொடிக்கு 800 மீட்டர் செல்லும் தோட்டா ஒவ்வொரு முறையும் 16 மீட்டர் தாவிவிடுகிறது. இடையில் நிற்கும் சுவர் கணக்கில் வருவதே இல்லை. பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒரு ரேகாஸ்ட், அதாவது இடையில் எதிலாவது படுகிறதா என்று பார்க்கும் நேர்கோட்டுச் சோதனை, விடுங்கள்.

காற்றுதான் நின்று பேச வேண்டிய விஷயம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எவ்வளவு பலமாக வீசினாலும், தோட்டா அதோடு அடித்துச் செல்லப்படும் சருகு அல்ல. தடையே இல்லாவிட்டால் 400 மீட்டரை 0.5 நொடியில் கடக்கும் தோட்டா, காற்றுத் தடையால் 0.6 நொடி எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 8 மீட்டர் குறுக்குக் காற்றில் அதன் விலகல், தாமதமான 0.1 நொடியைக் காற்றின் வேகத்தால் பெருக்கக் கிடைக்கும் 0.8 மீட்டர்தான், உங்கள் முறையிலோ 4.8 மீட்டர் வருகிறது. இதற்குத் தனிச் சூத்திரம் தேவையில்லை. தோட்டாவின் திசைவேகத்திலிருந்து காற்றின் திசைவேகத்தைக் கழித்து, கிடைக்கும் சார்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பத் தடை விசையை அதற்கு எதிர்த்திசையில் கொடுத்தால், விலகல் தானாகவே சரியாக அமையும்.

முதலில் காற்றை நிறுத்திவிட்டு, புவியீர்ப்பால் தோட்டா அந்தத் தொலைவில் ஒன்றரை மீட்டர் அளவுக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டையும் ஒன்றாகத் திருத்தினால் பிழை எங்கே என்று பிடிபடாது.