வாட்ஸ்அப் மெசேஜை யாரும் படிக்க முடியாது என்றால், கோர்ட்டில் சாட் எப்படி வருகிறது?

நடுவழியில் படிக்க முடியாது என்பது உண்மைதான். 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறவர் போனிலேயே பூட்டப்பட்டு, வாங்குகிறவர் போனில்தான் திறக்கிறது. நெட்வொர்க்கை ஒட்டுக்கேட்டாலும் சர்வரையே கைப்பற்றினாலும் உள்ளே இருப்பது புரியாது. யார் யாரோடு எப்போது பேசினார் என்ற தகவல் கிடைக்கலாம், அவ்வளவுதான்.

கோர்ட்டுக்கு வருகிற சாட் பெரும்பாலும் பறிமுதல் செய்த போனில் எடுத்தது, அல்லது எதிர்முனையில் இருந்தவரே கொடுத்தது. கூகுள் டிரைவ் பேக்கப் இன்னொரு வழி. பேக்கப்பைப் பூட்டும் வசதி 2021-ல்தான் வந்தது. நாமாகப் போய் ஆன் செய்தால்தான் உண்டு. பெகாசஸ் என்ற உளவு மென்பொருளும் போனுக்குள் புகுந்துதான் வேவு பார்த்தது.

சாதாரண ஆட்களுக்கு ஆபத்து இன்னும் பக்கத்தில் இருக்கிறது. இங்கே பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெரு அக்கா ஒருவர், "தங்கச்சிக்கு நான் என்ன அனுப்பினாலும் அவருக்குத் தெரிஞ்சுடுதுப்பா" என்று போனை நீட்டினார். நம் வாட்ஸ்அப் வேறு எந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று காட்டும் லிங்க்டு டிவைசஸைத் திறந்தால், கூகுள் குரோம், விண்டோஸ் என்று ஒரு வரி. அவர் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. கணவர் வேலை செய்யும் இடத்தில் இருக்கிறது. உடனே லாக் அவுட் அழுத்தினால் அவருக்குத் தெரிந்துவிடும், வீட்டில் என்ன நடக்குமோ என்று அக்கா பயந்தார். தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அழுத்தினார். போன் பின் நம்பரையும் மாற்றினார்.

அரசின் 2021 ஐடி விதிகள் வேறு வழி கேட்கின்றன: உத்தரவு வந்தால், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று பெரிய மெசேஜிங் ஆப்கள் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனது. பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024-ல் அங்கே சொன்னது. 2018-ல் வாட்ஸ்அப்பில் பரவிய பிள்ளை பிடிக்கிறவன் என்ற வதந்தியை நம்பி இதே ஊரில் சாமராஜபேட்டையில் ஒரு இளைஞரை அடித்தே கொன்றார்கள். அதைக் கிளப்பிவிட்டவரைப் பிடித்தே ஆக வேண்டும் என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் எது நாளை வழக்காகும் என்று முன்கூட்டியே தெரியாதே. அதனால் எல்லாருடைய செய்திக்கும், அந்த அக்கா தங்கைக்கு அனுப்புவதற்கும் சேர்த்து, அடையாளம் போட்டு வைக்க வேண்டியிருக்கும். விஷயம் தெரிந்தவனோ செய்தியை காப்பி செய்து புதிதாக ஒட்டி அனுப்புவான், இல்லையென்றால் வேறு ஆப்புக்குப் போய்விடுவான். சந்தேகப்பட்டவர் போனை முறையான உத்தரவோடு சோதிக்கட்டும். அதை நான் எதிர்க்கவில்லை.