வாந்தி நின்றதும் வந்த பயம்

கேள்வி: எனக்கு 28 வயது. போன வருடம் எட்டாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. மறுபடி உண்டாகி இப்போது ஒன்பதாவது வாரம். ஏழாவது வார ஸ்கேனில் கரு கருப்பைக்குள் சரியாக இருக்கிறது, துடிப்பும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அடுத்த ஸ்கேன் பன்னிரண்டாவது வாரத்தில்தான். நான்கு நாட்களாக வாந்தி குறைந்துவிட்டது, அன்றிலிருந்து தூக்கமே இல்லை. பாத்ரூம் போகும்போதெல்லாம் ரத்தம் தெரிகிறதா என்று பார்க்கிறேன். போதாததற்கு, ஒரு கல்யாணப் பந்தியில் பழுத்த பப்பாளித் துண்டு ஒன்றைச் சாப்பிட்டுவிட்டேன். வீட்டிலேயே துடிப்பைக் கேட்கும் டாப்ளர் மெஷினை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா? மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாது என்பதால் என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. கணவர், "சும்மா பயப்படாதே, குழந்தைக்கு ஆகாது" என்கிறார்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: இந்த இதழ் அச்சாகிக் கைக்கு வருவதற்குள் உங்கள் பன்னிரண்டாவது வாரமே வந்துவிடும். அதனால் உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது, இதே மாதிரி நாட்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து.

முதலில் பப்பாளியை முடித்துவிடலாம். பயப்பட வேண்டியது பால் வடியும் காயைத்தான். நன்றாகப் பழுத்த ஒரு துண்டு எதுவும் செய்துவிடாது.

அடுத்தது வாந்தி. மசக்கையைக் குழந்தையின் நலம் காட்டும் மீட்டர் போல நினைத்துக்கொள்கிறோம். அது அப்படி வேலை செய்வதில்லை. எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் எட்டிலிருந்து பதினோராவது வாரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும். மசக்கையும் ஏறக்குறைய அதை ஒட்டியே ஏறி இறங்கும், அதுவும் ஒரே சீராக இல்லை. இரண்டு நாள் இட்லி இறங்கும், மூன்றாவது நாள் தாளிக்கிற வாசனைக்கே குமட்டும். வாந்தியே இல்லாமல் பத்து மாதமும் கடந்த பெண்களுக்கு நானே பிரசவம் பார்த்திருக்கிறேன்.

டாப்ளர் வேண்டாம். ஒன்பதாவது வாரத்தில் கருப்பை இன்னும் இடுப்பெலும்புக்குள்தான் இருக்கிறது. பழகிய கைக்கே பன்னிரண்டு வாரம் வாக்கில்தான் அந்தக் கருவியில் துடிப்பு பிடிபடும். ராத்திரி பதினொரு மணிக்கு ஜெல்லைத் தடவிக்கொண்டு தேடினால் ஒன்றும் கேட்காது, விடியும்வரை அழுவீர்கள். அதைவிட மோசம் ஒன்று உண்டு. உங்கள் ரத்தக்குழாயின் ஓட்டமே 'டப் டப்' என்று கேட்கும், அதைக் குழந்தை என்று நினைத்துக்கொள்வீர்கள். பிந்தைய மாதங்களில், அசைவு குறைந்த ஒரு நாளில், அந்தச் சத்தத்தை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடும் ஆபத்து நிஜமானது.

சரி, இடையில் ஒரு ஸ்கேன் கேட்கலாமா? தாராளமாகக் கேளுங்கள். ஒரு முறை இழந்தவர் பத்தாவது வாரத்தில் ஒரு தடவை பார்க்கச் சொன்னால், நல்ல டாக்டர் யாரும் கடிந்துகொள்ள மாட்டார். ஆனால் அந்த நிம்மதிக்கு ஆயுசு கம்மி. என் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, டாக்டரான நானே தோழியைக் கெஞ்சி வாரத்துக்கொரு தரம் ஸ்கேன் பார்த்தேன். மூன்று நாள் நன்றாக இருக்கும். நான்காவது நாள், "அன்றைக்கு இருந்தது, இன்றைக்கு?" என்று ஆரம்பித்துவிடும். கவலைக்கு ஸ்கேன் மருந்தாவதில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து ஸ்கேன் ஆயிற்று.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைகின்றன, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. கருத்தரிக்கும்போதே தீர்மானமாகிவிட்ட விஷயம் அது. போன வருடம் மாடிப்படி ஏறியதாலோ வண்டியில் போனதாலோ கலைந்தது என்று உங்கள் மனதில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தால், அதைக் கிழித்துப் போடுங்கள். துடிப்பைப் பார்த்த பிறகு அபாயம் நன்றாகவே குறைகிறது. ஒரு முறை இழந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த முறை நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள். பயப்பட்டதால் கரு கலையாது என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். பயத்துக்கு மேல் 'பயப்படுகிறேனே' என்ற பயம் வேறு எதற்கு?

பாத்ரூமில் பார்ப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஒரு முறை இழந்தவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். லேசான பழுப்புக் கசிவு தெரிந்தால் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். அப்படி வந்தும் கர்ப்பம் நன்றாகத் தொடர்ந்தவர்கள் நிறைய. சிவப்பாக ரத்தப்போக்கு, தாங்க முடியாத அடிவயிற்று வலி, மயக்கம், காய்ச்சல், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி - இவற்றில் எது வந்தாலும் நேரம் காலம் பார்க்காமல் கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108. இவை எதுவும் இல்லாத நாளில் உடம்பைத் தோண்டித் துருவ வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கடைசி வரிகள்தான். மூன்று மாதம் ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. ஆனால் போன முறை நடந்ததாவது அம்மாவுக்குத் தெரியுமா? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. கண்படும் என்று கட்டிவைத்த வழக்கம், கடைசியில் உங்களைத் தனியாக அழ வைத்திருக்கிறது. ஒருவேளை ஏதாவது நடந்துவிட்டாலும் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டாமா? இன்று சாயங்காலமே போன் போடுங்கள். தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் அதையும் ஒரு நோவாகச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இலவசமாகத் தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

அம்மாவிடம் பேசும்போது பப்பாளியை மட்டும் சொல்ல வேண்டாம். அவர் தூக்கமும் போய்விடும்.