பட்டறைக் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, மொட்டை மாடி ஷெட்டில் வார இறுதிகளில் மரவேலை செய்கிறேன். கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. எந்த டேபிள் சா (மேஜை நடுவே பிளேடு சுழலும் ரம்பம்) வாங்கலாம்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, கடைக்காரர் மோட்டார் வாட்ஸைத்தான் முதலில் சொல்வார். நீங்கள் ஃபென்ஸை, அதாவது மரத்தை ஒட்டித் தள்ளும் பக்கச் சட்டத்தைப் பாருங்கள். அதை இறுக்கிப் பூட்டி, பிளேடின் ஒரே பல்லிலிருந்து முன்னாலும் பின்னாலும் இடைவெளியை அளங்கள். பின்பக்கம் குறுகினால் மரம் சிக்கி உங்கள் வயிற்றை நோக்கிப் பாயும். பூட்டும்போதே நகர்கிற ஃபென்ஸ் என்றால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடு, ரைவிங் நைஃப், அவசியம். வெட்டிய வாய் மூடாமல் அதுதான் தடுக்கும். பழைய மெஷினில் பலர் கழற்றிப் போட்டிருப்பார்கள், கேட்டு வாங்குங்கள். இந்தத் தொகைக்கு நல்ல நிலையிலுள்ள பழைய 10 அங்குல பிளேடு மெஷினையே நான் தேடுவேன். 8 அங்குலமும் 19 மி.மீ. பிளைவுட்டுக்குத் தாராளம்.

1800 வாட்ஸ் என்றால் ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டாதீர்கள். கொஞ்சம் பணம் மிச்சம் வைத்து 60 பல் கார்பைடு பிளேடு வாங்குங்கள், பிளைவுட் ஓரம் பிய்யாது.

முழு 8×4 அடி ஷீட்டைத் தனியாளாக டேபிள் சாவில் தள்ளாதீர்கள். கை ரம்ப மெஷினால் தரையிலேயே துண்டாக்கிக்கொள்ளுங்கள். அந்த மெஷினையே பலகைக்கு அடியில் தலைகீழாக மாட்டி டேபிள் சா ஆக்கும் வித்தை ஊரெல்லாம் நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.