ஹோர்னின் சுருதிக்குப் பாட்டை இறக்குங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்த நால்வர் நாங்கள். கீபோர்ட், கிட்டார் ஆகியவற்றோடு கொத்து ரொட்டித் தகடு, பிரஷர் குக்கர் விசில், பழைய ரப்பர் பந்து ஹோர்ன், தண்ணீர் ஊற்றிய போத்தல்கள் எல்லாம் வைத்து நகைச்சுவைப் பாட்டுகள் செய்கிறோம். எங்களுக்கு முன்மாதிரி நோர்வேயின் ‘இல்விஸ்’ சகோதரர்கள். வீடியோவைப் பார்த்த என் சித்தப்பா, “இதையெல்லாம் ஸ்பைக் ஜோன்ஸ் 1940களிலேயே செய்து முடித்துவிட்டார். நீங்கள் நகலுக்கு நகல்” என்று சொல்லிவிட்டார். அது உண்மையா? டிசம்பரில் பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் எங்கள் முதல் மேடை. மூன்று பாட்டுகளில் ஒன்று பிரபலமான திரைப்பாட்டின் மெட்டில் சொற்களை மாற்றி எழுதியது. அதனால் சிக்கல் வருமா? ஒலிப்பதிவுகளை இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் சித்தப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஸ்பைக் ஜோன்ஸின் பெயர் தெரிந்த ஒருவரைக் கொழும்பில் சந்தித்து எனக்குப் பல வருடங்கள் ஆகின்றன. அவர் சொன்னதில் பாதி சரி. ஒற்றுமை இருக்கிறது. ஆனால் அது அவர் நினைக்கும் இடத்தில் இல்லை.

ஜோன்ஸ் 1911இல் கலிபோர்னியாவில் பிறந்தவர். தொழில்முறை டிரம்ஸ் கலைஞர். வானொலி இசைக்குழுக்களில் பெரிய பாடகர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒழுங்காக வாசித்துச் சம்பாதித்தவர். அந்த ஒழுங்கு அலுத்துப்போய்த்தான் ‘சிட்டி ஸ்லிக்கர்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார். 1942இல் ஹிட்லரைக் கேலி செய்த ஒரு பாட்டு, வாயால் எழுப்பும் அசிங்கச் சத்தத்தோடு, அவர்களை நாடறியச் செய்தது. ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது அதுவல்ல, 1944இல் வந்த ‘கொக்டெயில்ஸ் ஃபோர் டூ’. 1934இல் ஒரு திரைப்படத்துக்கென்று எழுதிய இழைந்த காதல் பாட்டு அது. ஆரம்பத்தில் கோரஸ் குரல்கள் தேன்போல வழிகின்றன. கேட்பவர் கண்ணை மூடும் நேரத்தில் விசில், துப்பாக்கி, மணி, விக்கல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. பாட்டை எழுதிய சாம் கோஸ்லோவுக்கு இந்த வடிவம் அறவே பிடிக்கவில்லை என்பார்கள்.

இனி ஒரு வேலை செய்யுங்கள். மேசையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு அதைத் திரும்பக் கேளுங்கள். அத்தனை களேபரத்திலும் ஒரு சத்தமாவது தாளம் தவறி விழுகிறதா என்று பாருங்கள். ஒரு சுரத்துக்குப் பதில் துப்பாக்கி வெடிக்க வேண்டுமென்றால் அந்தத் துப்பாக்கி அதே சுரத்தில் வெடிக்க வேண்டும் என்று ஜோன்ஸ் சொன்னதாக ஒரு பேச்சு இசைக்காரர்களிடையே சுற்றிவருகிறது. அவர் அப்படியே சொன்னாரோ இல்லையோ, அவருடைய இசைத்தட்டுகள் அதைத்தான் சொல்கின்றன.

இல்விஸ் சகோதரர்கள் வேறு கதை. வேகார்ட், போர்ட் என்ற இருவரும் நோர்வே தொலைக்காட்சியின் நகைச்சுவையாளர்கள். 2013 செப்டெம்பரில் தங்கள் நிகழ்ச்சியின் புதிய பருவத்துக்கு விளம்பரமாக ‘த ஃபொக்ஸ்’ பாட்டை வெளியிட்டார்கள். நாய் குரைக்கும், பூனை மியாவ் என்னும், நரி என்ன சொல்லும் என்பதுதான் அதன் முழுப் பொருள். அதைத் தயாரித்தவர்கள் ‘ஸ்டார்கேட்’. ரிஹானா, பியோன்சே போன்றவர்களுக்குப் பாட்டுச் செய்த, நோர்வேயைச் சேர்ந்த இருவர் குழு. அத்தனை பெரிய ஆட்களின் உதவி கிடைத்தும் படுதோல்வியோடு திரும்பினோம் என்று நிகழ்ச்சியில் வந்து சொல்லிச் சிரிக்க வைப்பதே திட்டம் என்று சகோதரர்கள் பேட்டிகளில் கூறியிருக்கிறார்கள். திட்டம் பாழாகி, பாட்டு அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுத் தரவரிசையில் 6ஆம் இடம்வரை போனது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒற்றுமை தெரியும். இரு தரப்பிலும் அடித்தளம் முதல்தரமான, சிரிக்காத இசை. ஜோன்ஸின் பாடகர் உண்மையாகவே உருகிப் பாடுகிறார். இல்விஸ் பாட்டிலிருந்து நரியை எடுத்துவிட்டு ஒரு காதலியை வைத்தால் அது எந்த நடனக் கூடத்திலும் ஓடும். பாடுகிறவர் முகத்தில் ‘இது பகிடி’ என்ற அறிவிப்பு எங்கேயும் இல்லை. நம்முடைய கூத்தில் கட்டியக்காரன் செய்வதும் இதுதானே? ராஜா ராஜாவாகவே நிற்பதால்தான் பக்கத்தில் நிற்கும் கட்டியக்காரன் எடுபடுகிறான்.

வேற்றுமைதான் உங்களுக்கு முக்கியம். ஜோன்ஸிடம் பகிடி சத்தத்தில் இருக்கிறது. பாட்டின் சொல்லை அவர் பெரும்பாலும் தொடுவதில்லை, அதைச் சுற்றிக் கலவரம் நடத்துகிறார். இல்விஸிடம் பகிடி சொல்லில் இருக்கிறது. இசைமேல் ஒரு கீறல்கூட விழுவதில்லை. இப்போது உங்கள் குழுவைப் பாருங்கள். குக்கர், தகடு, ஹோர்ன், போத்தல். நீங்கள் இல்விஸைப் பார்த்து வளர்ந்திருக்கலாம், ஆனால் செய்வது ஜோன்ஸின் வேலை. சித்தப்பாவின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ‘நகல்’ என்ற சொல்லில்தான் அவர் வழுக்கிவிட்டார். சமையலறைச் சாமானைத் தாளத்தில் தட்டுவது எவருடைய தனிச்சொத்தும் அல்ல. கொத்து ரொட்டிக்காரர்கள் யாரிடமும் அனுமதி கேட்டுத் தட்டுவதில்லை.

இனி உங்கள் பதிவுகளுக்கு வருவோம். மன்னிக்க வேண்டும், இங்கே கொஞ்சம் கடுமையாகப் பேசப் போகிறேன்.

முதல் பாட்டில் ஹோர்ன் ஒவ்வொரு முறையும் இம்மியளவு பிந்தி வருகிறது. காரணம் தெரியுமா? ஹோர்ன் பிடிப்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார், மூச்சுச் சத்தம் பதிவில் கேட்கிறது. கேட்பவருக்கு முன்னால் அவர் சிரித்துவிட்டால் கேட்பவருக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. பத்து நாள், தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமோடு, அந்த ஹோர்னை மட்டும் பயிற்சி செய்யட்டும். பதினோராம் நாள் அவருக்கே சிரிப்பு வராது.

ஹோர்னில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதனுள்ளே இருக்கும் நாக்கு ஒரே சுரத்தில்தான் கத்தும். அழுத்தி அமுக்கினால் சத்தம் கூடுமே தவிர சுரம் உருப்படியாக மாறாது. உங்கள் ஹோர்ன் பாட்டின் சுருதியிலிருந்து ஏறக்குறைய அரைச் சுரம் விலகி நிற்கிறது. அதனால்தான் அது பகிடியாக இல்லாமல் பிழையாகக் கேட்கிறது. ஹோர்னை மாற்ற முடியாது, பாட்டை மாற்றலாம். கீபோர்டில் ஹோர்னின் சுரத்தைக் கண்டுபிடித்து, பாட்டை அதற்கு இசைவாக இறக்குங்கள். பாடுபவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

போத்தல்களில் ஒரு குழப்பம் நடந்திருக்கிறது. கரண்டியால் தட்டும்போது தண்ணீர் கூடக் கூடச் சுரம் இறங்கும், ஏனென்றால் கண்ணாடியோடு தண்ணீரும் சேர்ந்து அதிர வேண்டும், கனம் கூடினால் அதிர்வு மெதுவாகும். வாயால் ஊதும்போது இதற்கு நேர்மாறு. உள்ளே அதிர்வது காற்று, தண்ணீர் கூடினால் காற்றுக்கு இடம் குறைந்து சுரம் ஏறும். உங்கள் நண்பர் தட்டுவதற்கென்று சுருதி சேர்த்த போத்தல்களைப் பாட்டின் நடுவில் ஊதுகிறார். அந்த எட்டு மாத்திரையும் காதில் முள்ளாகக் குத்துவது அதனால்தான். ஊத ஒரு வரிசை, தட்ட ஒரு வரிசை என்று தனித்தனியாக வையுங்கள். மட்டத்தைப் போத்தலின் வெளியே ஒட்டுப் பட்டியால் குறித்துக்கொண்டால் மண்டபத்தில் போய்த் தடுமாற வேண்டியதில்லை.

குக்கரை மேடைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். நெருப்பும் ஆவியும் ஒருபுறம் இருக்க, விசில் எப்போது வரும் என்பது அதற்கே தெரியாது. நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த காலத்தில் ஒரு விளம்பரத்துக்காகக் குக்கர் விசிலுக்கு நாற்பது நிமிடம் காத்திருந்து, வந்த நேரத்தில் மைக்கை மூடி வைத்திருந்தேன். வீட்டில் பதிந்து, கணினியில் சுரத்தைத் திருத்தி, கீபோர்டின் ஒரு கட்டைக்குள் போட்டுவிடுங்கள். வெறும் குக்கரை மேடையில் காட்டினால் போதும். தகடு நன்றாக இருக்கிறது. அதற்குத் தெளிவான சுரம் கிடையாது, அதனால் அது தாளத்துக்கு மட்டும் உரியது. அதைத் தொடாதீர்கள்.

ஜோன்ஸைப் பற்றி இன்னொன்று சொல்லிவிட வேண்டும். 1946இல் அவர் ‘அதர் ஓர்க்கெஸ்ட்ரா’ என்ற பெயரில் பகிடியே இல்லாத நேர்த்தியான நடன இசைக்குழு ஒன்றை நடத்திப் பார்த்தார். கை சுட்டதுதான் மிச்சம். ஜனங்களுக்கு அவரிடமிருந்து வேண்டியது துப்பாக்கிதான். நிகழ்ச்சியின் நடுவில் ‘நாங்கள் நிஜமாகவும் பாடுவோம்’ என்று நிரூபிக்க ஓர் உருக்கமான பாட்டு வைக்கும் ஆசை உங்களுக்கும் இருக்கும். வேண்டாம்.

திரைப்பாட்டு விஷயம். இங்கே சித்தப்பாவின் ‘நகல்’ என்ற சொல்லுக்கு நிஜமாகவே இடம் இருக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெறும் யோசனைக்கும் செய்முறைக்கும் பாதுகாப்புக் கொடுப்பதில்லை. ஆகவே ஜோன்ஸின் வழிமுறையை எடுத்தாள்வதில் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் மெட்டு என்பது யோசனை அல்ல, படைப்பு. இசையமைத்தவர் வாழும் காலமும் அவர் இறந்து 70 வருடங்களும் அது பாதுகாப்பில் இருக்கும். அந்தச் சட்டத்தில் நியாயமான பயன்பாடு என்ற பிரிவு உண்டு. விமர்சனம், கற்பித்தல், ஆராய்ச்சி என்று பேசும் அந்தப் பிரிவில் கேலிப்பாட்டு என்று பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994இல் ஒரு கேலிப்பாட்டு வழக்கில் பாடியவர்களுக்குச் சாதகமாகப் பேசியது என்று யாராவது சொல்வார்கள். அது அமெரிக்காவுக்கு. அங்கேயேகூட, சொல் மாற்றிப் பாடுவதில் உலகப் புகழ்பெற்ற ‘வியர்ட் அல்’ யாங்கோவிக் மூலப் பாட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் பாடுகிறார். பாடகர் பிரின்ஸ் மறுத்துவிட்டார், இவரும் விட்டுவிட்டார். உங்கள் பாட்டு மூலப் பாட்டைக் கேலி செய்யவும் இல்லை, அதன் மெட்டில் ஏறி மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேசுகிறது. உரிமையாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் அதை மேடையிலும் பாடாதீர்கள், யூடியூபிலும் ஏற்றாதீர்கள். தானியங்கித் தேடல் மெட்டையும் அடையாளம் காணக்கூடியது. பணம் புழங்கும் நிகழ்ச்சியென்றால் ஒரு சட்டத்தரணியிடம் அரைமணி நேரம் பேசுவது நல்லது.

அந்த இடத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். 1948இல் ஜோன்ஸ் இத்தாலிய இசையமைப்பாளர் ரொசினியின் ‘வில்லியம் டெல்’ முன்னிசையை எடுத்து அதன்மேல் ஒரு குதிரைப் பந்தய வர்ணனையைப் போட்டார். ரொசினி 1868இல் இறந்தவர், அவரிடம் அனுமதி கேட்கும் தேவை இல்லை. மெட்டு எல்லோருக்கும் தெரியும், அதனால் எங்கே உடைகிறது என்பதும் எல்லோருக்கும் கேட்கும்.

உங்கள் ஒழுங்கைக்கு அப்படியொரு மெட்டு வீட்டு வாசலுக்கே வருகிறதே! சூன் பாண் ஓட்டோ. பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’ஸைத் தகரக் குரலில் இசைத்துக்கொண்டு பாணும் பணிஸும் விற்கிறார்கள். 1827இல் இறந்த அந்த மனிதருக்குக் கொழும்பில் தன் பெயர் மாலுப் பாணோடு சேர்ந்து நிற்பது தெரிந்தால் என்ன சொல்வாரோ. வியன்னாவில் அந்த மெட்டைக் கேட்டால் பியானோ ஞாபகம் வரும், வெள்ளவத்தையில் பசி வரும். இந்தப் பகிடியை நோர்வேக்காரரும் எழுத முடியாது, கலிபோர்னியாக்காரரும் எழுத முடியாது.

செய்யும் விதம் இது. கீபோர்டில் அந்த மெட்டை முழு மரியாதையோடு, பியானோ ஒலியில், மெதுவாகத் தொடங்குங்கள். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டு மாறி மாறி மொத்தம் ஐந்து சுரமாக ஆடும், பிறகு மூன்று சுரங்கள், ஒன்பதாவது சுரம் தாளத்தின் தலையில் வந்து இறங்கும். முதல் இரண்டு சுற்றுக்கு ஒன்றும் செய்யாதீர்கள். மூன்றாவது சுற்றில் அந்த ஒன்பதாவது சுரத்துக்குப் பதிலாக ஹோர்ன். அதே சுரத்தில், அதே இடத்தில். ஹோர்ன் பிடிப்பவர் சபையைப் பார்க்கக் கூடாது. அடுத்த சுற்றில் ஹோர்ன் வரும் என்று சபை காத்திருக்கும், அப்போது பியானோ சுரமே வரட்டும். அதற்கடுத்துத் தகடு நுழையலாம். அங்கிருந்து பாண் வாங்க ஓடும் சனத்தின் கதையை நீங்களே சொந்தச் சொல்லில் எழுதுங்கள். உங்கள் இரண்டாவது பாட்டின் வரிகளைப் பார்த்தேன், எழுத வருகிறது.

ஒத்திகைக்குச் சித்தப்பாவை அழைத்து முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஹோர்ன் எங்கே வரும் என்று சொல்லாதீர்கள். அது ஒலிப்பதற்கு முன்பே அவர் தலை ஹோர்ன் பக்கம் திரும்பினால், அதை வேறு சுற்றுக்கு மாற்றுங்கள்.