டிப்பெண்ட்ஸ் லா (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

உங்க எழுத்த மூணு வருஷமா படிக்கிறேன், இதுவரைக்கும் எழுதினதில்ல. கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கேன், வயசு 28. பங்சார் சவுத்ல ஒரு கம்பெனியில நாலு வருஷம் அக்கவுண்ட்ஸ் பேயபள், அதாவது சப்ளையருக்கு பணம் கட்டுற வேல, பார்த்தேன். திடீர்னு எங்க டீமையே மூடிட்டாங்க, எட்டு பேருக்கும் ஒரே நாள்ல லெட்டர். கடைசி நாள் முடிஞ்சு இன்னையோட 41 நாள் ஆச்சு.

ஆறு இண்டர்வியூ போயிட்டேன். ரெண்டுல கடைசி ரவுண்டு வரைக்கும் வந்துச்சு. ரெஃபரன்ஸ் கேட்டாங்க, சம்பள விவரத்துக்கு இபிஎஃப் (சேமநிதி) ஸ்டேட்மெண்ட் கேட்டாங்க, ரெண்டும் குடுத்தேன். அதோட சரி, போனும் இல்ல ஈமெயிலும் இல்ல. பழைய மேனேஜருக்கும் எனக்கும் அவ்வளவா ஒத்துப்போகாது. அவர்தான் ஏதாவது சொல்லியிருப்பாரோன்னு தூக்கமே வரல. அவர் பேர விட்டுடலாமா? என் சம்பளம் 3,800 வெள்ளி (ரிங்கிட்), இண்டர்வியூல 4,500னு சொன்னேன், எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. பாதி விளம்பரத்துல மாண்டரின் தெரியணும்னு வேற போட்டிருக்கான், அதுக்கு என்ன பண்றது? சப்ளையர் ரெண்டு தடவ அனுப்பின இன்வாய்ஸையெல்லாம் புடிச்சு நிறுத்தினவன் நான், அதெல்லாம் யாருக்குத் தெரியுது? கடைசியா ஒண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பேர ரெஃபரன்ஸா போட்டுக்கலாமா அக்கா?

(பேர் வேண்டாம்னு கேட்டிருக்கார்.)

தம்பி,

எனக்கு வர்ற கடுதாசிக்கு நான் ரெண்டு மாசம் கழிச்சு பதில் போடுறவ, சில பேருக்கு போடுறதே இல்ல. உன்னோடது முந்தா நாள் ராத்திரி வந்துச்சு, படிச்சிட்டு தூங்கப் போனேன், தூக்கம் வரல. நீ கேட்டதுக்காக இல்ல. நானே கொஞ்ச நாளா நெனச்சுக்கிட்டிருந்த ஒரு விஷயத்துல நீ வந்து கைய வச்சுட்ட.

அதுக்கு முன்னாடி அவசரமான ஒண்ணு. சொக்சோவுல, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துல, எஸ்ஐபிங்கிற வேலை இன்சூரன்ஸுக்கு மனு போட்டியா இல்லியா? கடுதாசியில ஒரு வார்த்தை இல்ல. 2018லருந்து மாசாமாசம் உன் சம்பளத்துல 0.2 சதவீதம், மொதலாளிகிட்ட 0.2 சதவீதம் புடிக்கிறாங்களே, உனக்கு ஏழு வெள்ளி சொச்சம் போயிருக்கும், அது எதுக்குன்னு பேஸ்லிப்ப என்னைக்காவது பார்த்தியா? இப்படி வேல போனா குடுக்கத்தான். மொத மாசம் சம்பளத்துல 80 சதவீதம், ரெண்டாவது மாசம் 50, அப்புறம் 40, 40, 30, 30. உனக்கு மொத மாசமே சுமாரா 3,000 வெள்ளி வரும். வேல போன நாள்லருந்து 60 நாளைக்குள்ள மனு குடுக்கணும். உனக்கு இன்னையோட 43. இத படிச்சு முடிக்க வேண்டாம், போய் அத பண்ணிட்டு வா, நான் இங்கதான் இருப்பேன்.

பண்ணியாச்சா? சரி.

மாண்டரின் விஷயத்த நான் இப்ப தொடல. தொட்டா இந்தப் பதில் முழுக்க அதுவாத்தான் போகும், என் பிரஷருக்கும் ஆகாது. எது உண்மையிலயே சீனாக்காரன், தைவான்காரன்கிட்ட பேசுற வேல, எது நம்மள உள்ள விடாம இருக்க சும்மா போட்டு வச்ச வேலின்னு உனக்கே தெரியும். ரெண்டாவது மாதிரி இருந்தா அப்ளை பண்ணு, அவங்க வேண்டாம்னு சொல்லட்டும், நீயே மொதல்ல உனக்கு வேண்டாம்னு சொல்லிக்காத.

3,800 வாங்கிட்டு 4,500னு சொல்லியிருக்க. எல்லாரும் சொல்றாங்களாம்! எலே, நீ அக்கவுண்ட்ஸ் பார்த்தவன். சம்பளம் 5,000 வரைக்கும் இபிஎஃப்ல மொதலாளி பங்கு 13 சதவீதம், 4,500க்கு 585 வெள்ளி வரணும், உன் ஸ்டேட்மெண்ட்ல 494னு இருக்கும், அத பார்க்கிற எச்ஆர் பொண்ணுக்கு கால்குலேட்டர்கூட வேண்டாம். பாவம் அந்த மேனேஜர் மேல பழிய போட்டுட்டு தூங்காம கெடக்கிற, உன்ன கவுத்தது நீ சொன்ன நம்பராக்கூட இருக்கலாம்ல. வாங்கினத வாங்கினதுன்னு சொல்லு, எதிர்பார்க்கிறத தனியா கேளு, 4,500 கேக்கிறதுல ஒரு தப்பும் இல்ல, வாங்கினேன்னு சொன்னதுதான் தப்பு.

இனிமே ரெஃபரன்ஸ்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1984ல. நிபோங் தெபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல எங்க வீடு, அப்பா பால் வெட்டு. பினாங்குத் தீவுல பாயான் லெப்பாஸ்ல ஃப்ரீ டிரேட் ஸோன், அதாவது வெளிநாட்டு ஃபேக்டரிங்க இருக்கிற பேட்டை, வந்து பன்னெண்டு வருஷம் ஆயிருந்துச்சு, தோட்டத்துல இருந்த பொண்ணுங்க எல்லாருக்கும் கனவு அதுதான், ஏசி ரூம், வெள்ளை கோட்டு, ஃபேக்டரி பஸ்ஸு. பினாங்குப் பாலம் 1985லதான் தெறந்தாங்க, அதனால நானும் அடுத்த லயத்துல இருந்த என் கூட்டாளியும் விடியக்காலையில கெளம்பி பட்டர்வொர்த் வந்து ஃபெர்ரி புடிச்சு போனோம். கையில ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறை, உள்ள ஐசி (அடையாள அட்டை) நகல், ரிசல்ட், சிஜில் பெர்ஹென்தி செக்கோலா, அதாவது பள்ளிக்கூடத்த விட்டு போறப்ப தர்ற சான்றிதழ். அவ்வளவுதான் எங்க ரெஃபரன்ஸ்.

அங்க போனா மொதல்ல கண் டெஸ்ட், அப்புறம் ஒரு பலகையில சின்னச் சின்ன ஓட்டை, அதுல குச்சிய எடுத்து எடுத்து சொருகணும், டைம் பார்ப்பாங்க. என் கூட்டாளி என்னைவிட வேகம். மரம் வெட்டுற கைன்னு சொல்வாங்களே, லீவு நாள்ல அவ அம்மாவுக்கு பதிலா ரப்பர் மரம் வெட்டுவா, விரல் அப்படி ஓடும். நான் முடிக்கிறப்போ அவ கைய கட்டிட்டு உக்காந்திருந்தா. கடைசியா ஆபீஸ்ல ஒரு அம்மா எங்க சான்றிதழ வாங்கி விரல வச்சு வரி வரியா இறக்கிட்டே வந்தாங்க. கெலாகுவான்னு ஒரு வரி இருக்கும், நடத்தை. எனக்கு பாயிக்னு டைப் அடிச்சிருந்துச்சு, நல்லது. அவளுக்கு மெமுவாஸ்கான், அதாவது திருப்தி, பரவாயில்லைங்கிற மாதிரி. அந்த அம்மா விரல் அங்க ஒரு நிமிஷம் நின்னுச்சு. எனக்கு வேல கெடச்சுது, அவளுக்கு கெடைக்கல. ஃபெர்ரியில திரும்பி வர்றப்ப ரெண்டு பேரும் பேசிக்கல, கடல பார்த்துட்டே வந்தோம்.

எதுக்கு அவளுக்கு மெமுவாஸ்கான்னு கேளு. ஒருநாள் கட்டொழுங்கு வாத்தியார்கிட்ட, நான் திருடலன்னு சத்தமா சொல்லிட்டா. அவ்வளவுதான். திருடியிருக்கவும் இல்ல, மறுநாளே சாமான் கெடச்சிருச்சு. ஆனா வாய்க்கு ஒரு வார்த்தை விழுந்திருச்சு. இதுல பாரு, அந்தாளு "மோசம்"னு எழுதல. மோசம்னு எழுதியிருந்தா யாராவது ஏன்னு கேட்டிருப்பாங்க, அவளும் சொல்லியிருப்பா. நடுவாந்திரமா ஒரு வார்த்தை போட்டா யாரும் ஒண்ணும் கேக்கிறதில்ல. பேப்பர திருப்பி வச்சுட்டு அடுத்த ஆள கூப்பிடுவாங்க.

சிலோன் தேயிலைத் தோட்டத்துல துண்டுன்னு ஒரு முறை இருந்துச்சுன்னு படிச்சிருக்கேன். ஒரு தோட்டத்த விட்டு இன்னொண்ணுக்கு போகணும்னா இவங்களுக்கு இவ்வளவு கடன், அத அடைச்சா விட்டுடறோம்னு பழைய தோட்டம் ஒரு சீட்டு எழுதிக் குடுக்கும், அது இல்லாம புது எடத்துல ஏறவே முடியாது. 1921ல சட்டம் போட்டு எடுத்தாங்க. எடுத்தாங்களாம்! ஈமெயில்ல வருது இப்ப. பழைய மொதலாளி வாயிலருந்து ஒரு வார்த்தை வராம புது கேட்டு தெறக்காதுன்னா அதுக்கு பேர் என்ன? என் பொண்ணு, ஓவரா பேசுறம்மா, ரெஃபரன்ஸுல கடன் ஏது அப்படின்னு சொல்றா. கடன் இல்லாமலா நீ 41 நாளா தூங்காம இருக்க?

சரி, என் கதைக்கு வர்றேன், இதுக்குத்தான் இவ்வளவு நேரம் சுத்திக்கிட்டிருக்கேன்.

எட்டு ஒம்போது வருஷம் முன்ன. நான் அப்ப லைன் சூப்பர்வைசர். எனக்குக் கீழ ஒரு பொண்ணு இருந்துச்சு, தரம் பார்க்கிற கியூசியில, கெட்டிக்காரி. பூதக்கண்ணாடி போடாமலே சால்டர்ல, அதாவது ஈயப் பத்தவைப்புல, இருக்கிற கீறல சொல்லிடும். அது வேலைய விட்டு போயி ஒரு அஞ்சு மாசம் இருக்கும். ஒருநாள் காலையில சௌராஸ்தா மார்க்கெட்ல மீன் கடை முன்னாடி நிக்கிறேன், கெம்போங் ஒரு கிலோ, தலை வேண்டாம்னு சொல்லிட்டிருக்கேன், ஹேண்ட்போன் அடிக்குது. தெரியாத நம்பர். இன்ன கம்பெனி எச்ஆர், உங்க பேர ரெஃபரன்ஸா போட்டிருக்காங்க, ரெண்டு நிமிஷம் பேசலாமா. அந்தப் பொண்ணு எனக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லல. தோள்ல போன இடுக்கிக்கிட்டேன், மீன்காரன் ஒரு பக்கம் சில்லறை கேக்கிறான், ஐஸ் தண்ணி கால்ல ஒழுகுது. வேல எப்படி, குட். டீம் ஒர்க், குட். எல்லாம் ஒத்த வார்த்தையில சொல்லிட்டே வந்தேன். கடைசியா ஒண்ணு கேட்டாங்க: "திரும்ப வேலைக்கு எடுப்பீங்களா?"

அந்த நேரம் பார்த்து என் மனசுல என்ன ஓடுச்சுன்னா, அது புள்ளைக்கு வீஸிங், அந்த வருஷம் அடிக்கடி எமர்ஜென்ஸி லீவு போட்டுச்சு, ஆள் இல்லாம ரெண்டு தடவ நானே லைன்ல நின்னேன். அவ்வளவுதான். ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தேன். அப்புறம் "டிப்பெண்ட்ஸ் லா"ன்னேன், அதாவது நெலமைய பொறுத்துங்கிற மாதிரி. சிரிச்சுக்கிட்டே வேற சொன்னேன், அந்தப் பக்கம் ஓகே தேங்க்யூன்னு வச்சுட்டாங்க, நானும் மீன வாங்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

அதுக்கு அந்த வேல கெடைக்கலன்னு அப்புறம் வேற ஆள் சொல்லித்தான் தெரியும். என்னாலதானான்னு யாரும் சொல்லல, சொல்லவும் மாட்டாங்க. ஆனா அந்த ஃபெர்ரியில கூட்டாளி பக்கத்துல உக்காந்து வந்தவ நான், ஒரு நடுவாந்திர வார்த்தை என்ன பண்ணும்னு தெரிஞ்சவ நான், நானே சொல்லியிருக்கேன் பாரு. அந்தப் பொண்ணு இன்னைக்கு வரைக்கும் தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கு அனுப்புது. எனக்கு முழுங்கவும் முடியல சொல்லவும் முடியல. இப்ப எழுதிட்டேன், படிச்சாலும் படிக்கட்டும்.

அதனால உனக்கு கோவமாத்தான் கேக்கிறேன்: யார் பேர போட்டியோ அவங்ககிட்ட முன்னாடியே பேசினியா? பேசியிருக்க மாட்ட. பேசியிருந்தா மேனேஜர் என்ன சொல்லியிருப்பாரோன்னு என்கிட்ட கேக்க மாட்ட, அவர்கிட்டயே கேட்டிருப்ப. ஃபாரத்துல கட்டம் இருக்குன்னு ஒரு மனுஷனோட நம்பர எழுதிட்டு வந்துட்ட, அவர் கார்ல இருக்காரோ, மீன் வாங்குறாரோ, அவர் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில இருக்கோ! ஒத்துப்போகாத ஆளக்கூட முன்னாடியே கூப்பிட்டு, இன்ன வேலைக்கு கேட்டிருக்காங்க, இதப் பத்தி கேப்பாங்க, உங்களால நல்லா சொல்ல முடியுமான்னு நேரா கேட்டா, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுவாங்க, பாதி பேருக்கு மூஞ்சிக்கு நேரா பொய் சொல்ல வராது. அவர் இழுத்தார்னா பேர எடுத்துரு. மேனேஜர்தான் வேணும்னு கேட்டாங்கன்னா எச்ஆர் நம்பர குடு, நெறைய எடத்துல எச்ஆர் சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி, இதுக்கு மேல வாய தெறக்காது. ஏன் விட்டீங்கன்னு இண்டர்வியூல கேட்டா, டீமையே மூடிட்டாங்க, எட்டு பேரும் வந்துட்டோம்னு சொல்லிட்டு வாய மூடிக்கோ. மேனேஜர் கதைய ஆரம்பிக்காத, கேக்கிறவன் நாளைக்கு உனக்கு மேனேஜர்.

இன்வாய்ஸ புடிச்சேன், யாருக்குத் தெரியுதுன்னு கேட்டிருக்க பாரு, அந்த ஒரு வரியிலதான் எனக்கு உன் மேல பாசம் வந்துச்சு. யாருக்காவது தெரிஞ்சிருக்கும்டா. பக்கத்து சீட்ல ஒரு சீனியர் அக்காவோ, மாசக் கடைசியில உன்கூட ராத்திரி ஒம்போது மணிவரைக்கும் உக்காந்தவங்களோ, போன்ல உன்கிட்ட கத்திட்டு அப்புறம் சாரி சொன்ன சப்ளையரோ இருப்பாங்க. பெரிய பதவி வேண்டாம், உன் கை வேல செஞ்சத கண்ணால பார்த்த ஆள் வேணும். அவங்கள கூப்பிட்டு, அக்கா அந்த டபுள் இன்வாய்ஸ் ஞாபகம் இருக்கா, எவ்வளவு வெள்ளின்னு ஞாபகம் இருக்கான்னு கேளு. அவங்களுக்கு மறந்திருக்கும், நீ சொன்னா ஞாபகம் வந்துரும். போன் வர்றப்ப அவங்க வாயில சொல்றதுக்கு ஒரு கதை இருக்கும். எனக்கு அன்னைக்கு அந்த சால்டர் கீறல் ஞாபகம் வந்திருந்தா நான் ஏன் டிப்பெண்ட்ஸ் லா சொல்லப்போறேன்?

கோயில் தலைவர், டத்தோ பட்டம் வாங்கினவர், கட்சிக்காரர் இவங்க லெட்டர்ஹெட்டெல்லாம் சிலர் வாங்கி ஃபைல்ல வச்சுட்டு திரிவாங்க. நீ அப்படி கேக்கல, சந்தோஷம்.

ஆனா என் பேர கேட்டுட்டியே. முடியாது. கோச்சுக்கிட்டா கோச்சுக்கோ. நீ வேல செஞ்சு நான் பார்த்ததில்ல. நீ எழுதினத பார்த்திருக்கேன், நல்லாத்தான் எழுதுற, அத வச்சு உனக்கு அக்கவுண்ட்ஸ் வரும்னு நான் எப்படி ஒருத்தர்கிட்ட சொல்ல முடியும்? எனக்கு போன் வந்து, எவ்வளவு நாளா தெரியும்னு கேட்டா மறுபடியும் ஒரு மூச்சு நேரம் நிப்பேன் தம்பி.

வேணும்னா ஒண்ணு செய்யலாம். அடுத்த இண்டர்வியூக்கு முன்னாடி எனக்கு ஒரு கால் அடி. நான் எச்ஆர் மாதிரி கேக்கிறேன், நீ பதில் சொல்லு, சம்பளத்துல நீ எவ்வளவு கூட்டி சொல்றன்னு பார்க்கலாம். நம்பர் தனியா ஈமெயில்ல அனுப்புறேன். ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு மேல கூப்பிடு. அதுக்கு முன்னாடி மார்க்கெட்ல இருப்பேன், மார்க்கெட்ல இருந்தா இப்பல்லாம் நான் போன் எடுக்கிறதில்ல.