6174-ஐ நாலிலக்க லாட்டரியான 4டி-யில் கட்டலாமா? இன்னும் சில எண் கேள்விகள்

கேள்வி: இலக்கங்களின் கூட்டுத்தொகை 9-ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும் என்று டியூஷனில் சொன்னார்களாம். ஏன் என்று மகள் கேட்கிறாள், நான் முழிக்கிறேன். (உட்லண்ட்ஸ்)

9-க்குத் தனி மகிமை எதுவும் இல்லை. நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம், பத்துக்கு ஒன்று கீழே 9 நிற்கிறது, அவ்வளவுதான். 738-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 700 என்பது ஏழு 99-உம் ஒரு 7-உம். 30 என்பது மூன்று 9-உம் ஒரு 3-உம். 9-ஆல் வகுபடுவதையெல்லாம் தூக்கிப் போட்டால் மிஞ்சுவது 7+3+8, அதாவது 18. பத்துக்குப் பதில் எட்டு எட்டாக எண்ணி, அதாவது அடிமானம் 8-இல், எழுதினால் இதே வேலையை 7 செய்யும்: நம்முடைய 49 அங்கே ஆறு எட்டும் ஒன்றும், அதாவது 61, 6+1=7. அடிமானம் 16-இல் எந்த எண் செய்யும் என்று மகளையே கேளுங்கள், சொல்லிவிடுவாள்.

கேள்வி: அடிமானம் 5-இல் 12 இரட்டைப்படைதானே? என் புரோகிராம் இல்லை என்கிறது. (பாலிடெக்னிக் மாணவர், ஈசூன்)

புரோகிராம் சரி, தம்பி. அது ஓர் ஐந்தும் இரண்டும், அதாவது ஏழு. கடைசி இலக்கத்தைப் பார்த்து இரட்டைப்படை என்று சொல்வது அடிமானமே இரட்டைப்படையாக இருந்தால்தான் செல்லும். ஒற்றைப்படை அடிமானத்தில் எல்லா இலக்கங்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும். நானும் ஒரு தேர்வில் இதே இடத்தில் வழுக்கி விழுந்து இரண்டு மதிப்பெண் விட்டவன்தான்.

கேள்வி: பகா எண் வேறு அடிமானத்தில் பகு எண்ணாகிவிடுமா?

ஆகாது. பதின்மூன்றை அடிமானம் 8-இல் 15 என்று எழுதுவோம், பார்க்க மூவைந்து போலத் தெரியும், ஆனால் பதின்மூன்று கல்லை எப்படி அடுக்கினாலும் சமமான வரிசைகளாக வராது. சட்டைதான் வேறு, ஆள் அதே ஆள்.

கேள்வி: 6174 அதிசய எண்ணாமே, 4டி-யில் கட்டலாமா? (தேக்கா)

அண்ணே, அதிசயம் உண்மைதான். மகாராஷ்டிராவின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் கண்டுபிடித்தது. எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதாவது நாலிலக்க எண், 3524 என்று வைத்துக்கொள்வோம், அதன் இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி ஏறுவரிசையைக் கழியுங்கள்: 5432−2345=3087. திரும்ப 8730−0378=8352. திரும்ப 8532−2358=6174. அப்புறம் எத்தனை தடவை செய்தாலும் 6174-தான், அதிகபட்சம் ஏழு தடவைக்குள் வந்து சேர்ந்துவிடும். ஆனால் இது எண்ணின் குணம் இல்லை, பத்தில் எழுதுகிற பழக்கத்தின் குணம். அடிமானம் 5-இல் அந்த இடத்தில் 3032 உட்கார்ந்திருக்கும். குலுக்கலுக்கு இதெல்லாம் தெரியாது, முதல் பரிசுக்கு 6174-க்கும் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புதான். காசை வைத்து ஒரு தே தாரிக் குடியுங்கள்.

கேள்வி: மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் (செட்டியார் வட்டிக்கடை) இருந்த தாத்தாவின் கணக்கேட்டில் தமிழ் எண்கள். அதிலும் இந்த 9 கூத்து செல்லுமா?

அருமையான கேள்வி. பழைய முறையில் பூஜ்யம் கிடையாது, பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள். 738 அங்கே ௭௱௩௰௮. குறிகளை விட்டுவிட்டு ௭, ௩, ௮ கூட்டினால் அதே 18. ஆனால் 117-ஐ ௱௰௭ என்றுதான் எழுதுவார்கள், கண்ணுக்குத் தெரிகிற இலக்கம் ௭ மட்டும். முன்னால் எதுவும் இல்லாத ௱-க்கும் ௰-க்கும் ஆளுக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், 9 வந்துவிடும்.