பெயரை நீக்கிவிட்டால் போதுமா?

கேள்வி: சர்க்கரை நோய்க்காக நான் தொடர்ந்து போகும் மருத்துவமனையில், என் சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று கேட்டு ஒரு ஒப்புதல் படிவம் கொடுத்திருக்கிறார்கள். பெயர், முகவரி எல்லாவற்றையும் நீக்கிவிடுவார்களாம். நம்பிக் கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடுவது நல்லது என்பதே என் கருத்து. ஆனால் பெயரை நீக்கிவிடுவோம் என்ற ஒரு வாக்கை மட்டும் நம்பிப் போடாதீர்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் அதில் அப்படியே இருந்தன. லதான்யா ஸ்வீனி என்ற ஆராய்ச்சி மாணவி கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, இரண்டையும் பொருத்திப் பார்த்தார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதியே கொண்டவர்கள் பட்டியலில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் அவர் ஒருவர்தான்! ஆளுநரின் மருத்துவக் குறிப்பு ஸ்வீனியின் கைக்கு வந்துவிட்டது. இது 1997-ஆம் ஆண்டுக் கதை. இன்றைய கணினிகளுக்கு இது இன்னும் எளிது.

அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தரவு எங்கே இருக்கும் என்பது. ஆய்வாளர்களுக்கு நகல் அனுப்புகிறார்களா, அல்லது தரவு இருக்கும் இடத்திலேயே ஆய்வு நடக்கிறதா? இரண்டாவது முறைதான் பாதுகாப்பானது. இங்கிலாந்தில் 2020-இல் தொடங்கிய ஓப்பன்சேஃப்லி என்ற மருத்துவத் தரவு ஆய்வுத் தளம் அப்படித்தான் இயங்குகிறது. ஆய்வாளர் போலித் தரவை வைத்துக் கணினி நிரல் எழுதுவார். அந்த நிரல் மட்டும் உண்மையான பதிவுகளின் மேல் ஓடும். வெளியே வருவது தொகுப்பு அட்டவணைகள்தான். தனி ஒருவரின் பதிவு வராது. யார் எந்த நிரலை ஓட்டினார்கள் என்பதையும் பொதுமக்கள் பார்க்கலாம்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் கொடுக்க வேண்டும் என்று தோன்றலாம். 2020 மார்ச்சில் பிரிட்டனில் ரெகவரி என்ற கோவிட் ஆய்வு தொடங்கியது. வார்டுகளில் ஓய்வே இல்லாத காலம் அது. ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிறிய படிவத்தை மட்டும் நிரப்பிவிட்டு, அவர் பிழைத்தாரா என்பதைப் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த மருத்துவப் பதிவுகளோடு இணைத்தே தெரிந்துகொண்டார்கள். ஜூனிலேயே விடை கிடைத்தது: டெக்ஸாமெதசோன் என்ற பழைய, மலிவான மருந்து, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. பதிவுகள் இப்படி இணையாமல் இருந்திருந்தால் அந்த விடை தாமதமாகியிருக்கும், உயிர்கள் போயிருக்கும்.

படிவத்தில் இன்னும் இரண்டு இடங்களை நிதானமாகப் படியுங்கள். பிறகு மனம் மாறினால் விலகலாமா என்று பாருங்கள். முடிந்துபோன ஆய்விலிருந்து உங்கள் தரவைப் பிரித்தெடுக்க முடியாது, இனி வரும் ஆய்வுகளிலிருந்து நீக்கலாம். மரபணுப் பரிசோதனைக்குத் தனிக் கட்டம் இருந்தால், அதை உடனே டிக் செய்ய வேண்டாம். உங்கள் மரபணுவில் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் பற்றிய செய்தியும் இருக்கிறது. அவர்களிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

மறுத்தால் சிகிச்சையில் குறை வைப்பார்களோ என்ற பயம் வேண்டாம். ஆய்வில் சேர மறுப்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் உள்ள உறவைப் பாதிக்கக் கூடாது என்று மருத்துவ ஆய்வு நெறிகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனமே சொல்கிறது.